சொந்தமாக உருவாக்கிய இனம் ஆட்டத்தைக் கெடுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தின் 5ஆம் பதிப்புக்காக ஹோம்ப்ரூ இனம் (மனிதன், ட்வார்ஃப் போல ஒரு பாத்திரத்தின் பிறப்பு வகை) ஒன்றை எழுதி, ஆட்டத்தில் இறக்கிய பிறகு "ஏதோ இடிக்கிறதே" என்று தோன்றுகிறதா? உங்களுக்காகத்தான் இது. எண்கள் 2014 விதிகளை ஒட்டியவை. பின்னால் வந்த திருத்தங்களும் 2024 விதிகளும் வேறுபடும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன். வேறு ஆட்டம் ஆடுபவர்களுக்கு எண்கள் மாறும், அறிகுறிகள் பெரிதாக மாறாது.

இனத்தில் கைவைக்கும் முன் ஒரு சோதனை. புகார் கிளம்பிய அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் இனத்தை மட்டும் சாதாரண மனிதன் என்று மாற்றி, காட்சியை மனதில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை அப்படியே இருந்தால் குற்றம் இனத்தில் இல்லை. கிளாஸில் (ஃபைட்டர், விசார்ட் போன்ற பாத்திரத் தொழில்) இருக்கலாம், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அள்ளிக் கொடுத்த மாயப் பொருளில் இருக்கலாம், ஆடுகிற ஆளிடமே இருக்கலாம். நிறையப் புகார்கள் இந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் ஓர் அளவுகோல் வேண்டும். ஒவ்வொரு திறனுக்கும் இத்தனை புள்ளி என்று கூட்டிப் பார்க்க ரசிகர்கள் தயாரித்த அட்டவணைகள் உண்டு. முதல் வரைவு எழுதும்போது அவை உதவும். கோளாறு வந்த பிறகு அவ்வளவாக உதவாது. ஒரே திறன் ஒருவர் கையில் அலங்காரம், இன்னொருவர் கையில் ஆயுதம். கூட்டுத்தொகை அதைக் காட்டாது. அதனால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இதே காரியத்தை மற்றவர்கள் எந்த லெவலில், என்ன விலை கொடுத்துப் பெறுகிறார்கள்? கீழே வரும் தீர்வுகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

அறிகுறி: டிஎம் தயாரித்து வந்த சண்டைகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன

இனத்துக்குச் சிறகு இருக்கிறதா? அப்படியானால் மேலே தேட வேண்டாம்.

பறக்க வைக்கும் மந்திரம் மூன்றாம் படி மந்திரம். விசார்டுக்கு அது 5ஆம் லெவலில்தான் கிடைக்கிறது. கிடைத்தாலும் கான்சன்ட்ரேஷன் வேண்டும், 10 நிமிடம்தான் ஓடும், விசார்ட் அடிவாங்கி கவனம் சிதறினால் பறந்துகொண்டிருப்பவர் தொப்பென்று கீழே விழுவார். உங்கள் இனம் இதையே 1ஆம் லெவலில், நாள் முழுக்க, எந்த விலையும் இல்லாமல் செய்கிறது. லாங்போவின் சாதாரண எல்லை 150 அடி. கீழே ஓநாய்க் கூட்டம். ஓநாய்க்குக் கடிக்க மட்டும்தான் தெரியும். 100 அடி உயரத்தில் மிதந்தபடி அம்பு விடுபவரை அது அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்யும்? பாவம், டிஎம் அடுத்த வாரத்திலிருந்து எல்லா எதிரிகளுக்கும் வில் கொடுக்க ஆரம்பிப்பார். அப்போது அடிபடுவது சிறகுள்ளவர் மட்டும் இல்லை, தரையில் நிற்கும் மற்ற மூவரும்தான்.

அதிகாரப்பூர்வ விதிகளில் ஆராகோக்ரா என்ற பறவை இனத்துக்கு 1ஆம் லெவலிலேயே பறக்கும் வேகம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, முதலில் அது 50 அடியாக இருந்தது. ஆனால் மீடியம், ஹெவி கவசம் அணிந்தால் பறக்க முடியாது. 2022இல் வந்த திருத்தத்தில் வேகமும் நடைவேகத்துக்குச் சமமாக 30 அடிக்கு இறங்கிவிட்டது. 2024 விதிகளில் டிராகன்பார்ன் சிறகு விரிப்பது 5ஆம் லெவலில். 10 நிமிடம், லாங் ரெஸ்டுக்கு (இரவு முழு ஓய்வு) ஒரு முறை. அந்த 5ஆம் லெவல் என்பதைக் கவனியுங்கள். விசார்டுக்கு மந்திரம் கிடைப்பதும் அதே லெவலில்தான்.

சரி, எப்படிக் குறைப்பது? சிறகைப் பிடுங்க வேண்டாம், ஆட்டக்காரர் அந்த இனத்தை எடுத்ததே அதற்காகத்தான். 1 முதல் 4 லெவல் வரை சிறகு சறுக்க மட்டும் உதவட்டும்: விழுந்தால் சேதம் இல்லை, இறங்கும் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் 2 அடி நகரலாம். அல்லது பறக்கலாம், ஆனால் தன் டர்ன் முடியும்போது எதன் மேலாவது காலூன்றி நிற்க வேண்டும். இந்த இரண்டாவது விதி எனக்குப் பிடித்தது. மதில் தாண்டலாம், பள்ளம் தாண்டலாம், கூரைக்கு ஏறலாம், சினிமா மாதிரி பாய்ந்து இறங்கலாம். வானத்தில் நின்றுகொண்டு அம்பு விட மட்டும் முடியாது. 5ஆம் லெவல் வந்ததும் முழுப் பறத்தலைக் கொடுத்துவிடுங்கள், அப்போது யாருக்கும் வலிக்காது.

ஒரு விதிவிலக்கு. கேம்பெய்ன் (தொடர்கதையாக ஓடும் ஆட்டம்) முழுக்கத் தாழ்வான சுரங்கங்களில் நடக்கிறது என்றால் சிறகை அப்படியே விடலாம். கூரை பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: எதிரிகள் உருட்டும் பகடை எதுவும் இவர் மேல் விழுவதே இல்லை

இயற்கைக் கவசம் எழுதியிருப்பீர்கள். அது எந்த வகை என்று பாருங்கள், ஏனென்றால் ஒரு வகை சாது, மற்றது அப்படி இல்லை.

"ஏசி 13 கூட்டல் டெக்ஸ்" என்று கவசத்துக்கு மாற்றாக வருவது சாது. (ஏசி என்பது அடி பட எதிரியின் உருட்டல் எட்ட வேண்டிய எண், டெக்ஸ் என்பது சுறுசுறுப்பு எண்.) லிசர்ட்ஃபோக்குக்கு இருப்பது இதுதான், மேஜ் ஆர்மர் மந்திரம் தருவதும் இதே எண்தான். டார்ட்டில் ஏசி 17 வாங்குகிறது, ஆனால் டெக்ஸ் சேராது, கவசமும் போட முடியாது. உச்சவரம்பு தெரிந்த எண் என்பதால் அதையும் சமாளிக்கலாம்.

"எந்தக் கவசத்தோடும் +2" என்பதுதான் வில்லங்கம். 20 முகப் பகடையில் விழுவதோடு 4 கூட்டி அடிக்கும் ஒரு காப்ளினை வைத்துக் கணக்குப் பாருங்கள். ஏசி 13 உள்ள விசார்டை 20 முறை அடித்தால் 12 முறை தொடும். +2 சேர்ந்து 15 ஆனால் 10 முறை. ஆறில் ஒரு பங்கு குறைகிறது, பரவாயில்லை. பிளேட் கவசமும் கேடயமும் வைத்திருக்கும் ஃபைட்டருக்கு ஏசி 20. அவரை 20 முறை அடித்தால் 5 முறை தொடும். அதே +2 சேர்ந்து 22 ஆனால் 3 முறைதான். ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. ஏற்கெனவே யாருக்கு அடி குறைவாக விழுகிறதோ அவருக்குத்தான் இந்த +2 அதிக லாபம் தருகிறது. வார்ஃபோர்ஜ்டுக்குக் கவசத்தோடு சேரும் +1 தரப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் போகாதீர்கள்.

ஏசி சரியாக இருந்தும் ஆள் விழுவதில்லை என்றால் ரெசிஸ்டன்ஸைப் (ஒரு வகைச் சேதம் பாதியாகக் குறைவது) பாருங்கள். நெருப்பு, குளிர், விஷம் என ஏதாவது ஒன்றுக்கு ரெசிஸ்டன்ஸ் கொடுப்பது வழக்கம்தான், டீஃப்லிங்குக்கு நெருப்பு இருக்கிறது. ஆனால் "கல் தோல்" என்று பெயர் சூட்டி வெட்டு, குத்து, மொத்து மூன்றுக்கும் நிரந்தர ரெசிஸ்டன்ஸ் கொடுத்திருந்தால், தாழ்ந்த லெவல்களில் அந்தப் பாத்திரத்தின் எச்பியை (உயிர்ப் புள்ளிகளை) இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். பார்பேரியன் இதற்கு ரேஜ் (வெறியாட்டம்) செலவழிக்கிறார். 1ஆம் லெவலில் ஒரு நாளைக்கு 2 முறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம். அவர் முன்னால் இதை ஓசியில் கொடுத்தால் அவர் எதற்கு வந்தார்? கோலியாத்துக்கு முதலில் எழுதப்பட்ட வழியைப் பாருங்கள்: அடி விழும்போது ரியாக்ஷன் (டர்னுக்கு வெளியே செய்யும் எதிர்வினை) செலவழித்து 1டி12 (12 முகப் பகடை ஒன்று) கூட்டல் கான் (உடல் உறுதி எண்) அளவுக்குச் சேதத்தைக் குறைக்கலாம், பிறகு ஒரு ரெஸ்ட் எடுக்கும்வரை முடியாது. கல் தோல் என்ற உணர்வு அப்படியே இருக்கிறது. எந்த அடியைத் தடுப்பது என்று ஆட்டக்காரர் யோசிக்கவும் வேண்டியிருக்கிறது.

அறிகுறி: காயம் ஆற்றும் கிளெரிக்குக்கு வேலை இல்லை

தானாகக் காயம் ஆறும் இனம். எழுதும்போது அடக்கமாகத்தான் தெரியும்: "நிமிடத்துக்கு 1 எச்பி". சண்டைகள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதனால் இது பாதிக்காது என்று தோன்றும். சண்டைக்கு வெளியே கணக்குப் போடுங்கள். கான் 14 உள்ள 1ஆம் லெவல் ஃபைட்டருக்கு 12 எச்பி. செத்துப்பிழைத்து 1 எச்பியோடு வெளியே வந்தாலும் 11 நிமிடத்தில் புத்தம்புதிது. ஒரு ஷார்ட் ரெஸ்ட் ஒரு மணி நேரம், அதாவது 60 எச்பி. ஹிட் டைஸைத் (ஓய்வில் உருட்டி எச்பி மீட்கும் பகடைகள்) தொடவே வேண்டாம். "ரவுண்டுக்கு 1" என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்: ஒரு ரவுண்டு 6 விநாடி, எனவே மணிக்கு 600.

ஒப்பிட ஒரு தகவல் போதும். 2014 விதிகளில் சாம்பியன் ஃபைட்டருக்குத் தானாக ஆறும் திறன் வருவது 18ஆம் லெவலில். அதுவும் எச்பி பாதிக்கு மேல் இல்லாதபோது, 0 ஆகாமலும் இருக்கும்போது மட்டும்.

தீர்வு: ஆறுதலை ஹிட் டைஸோடு கட்டிவிடுங்கள். அது தினசரி அளவோடுதான் வருகிறது, அதனால் கை மீறாது. ஷார்ட் ரெஸ்டில் ஹிட் டை உருட்டும்போது 1 அல்லது 2 விழுந்தால் ஒரு முறை மறுபடி உருட்டலாம் என்பது ஒரு வழி. போனஸ் ஆக்ஷனில் ஒரு ஹிட் டை செலவழித்துச் சண்டை நடுவிலேயே ஆறலாம், லாங் ரெஸ்டுக்கு ஒரு முறை என்பது இன்னொரு வழி. துண்டான விரல் ஒரு வாரத்தில் முளைக்கும் என்று கதைக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அறிகுறி: இந்த இனத்தை எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே கிளாஸ் எடுக்கிறார்கள்

இங்கேதான் நான் முன்பு சொன்ன அலங்காரம், ஆயுதம் விவகாரம் வெளிச்சத்துக்கு வருகிறது. நல்ல பாடம் மவுன்டன் ட்வார்ஃப். 2014 விதிகளில் மற்ற இனங்களுக்குப் பொதுவாக ஆற்றல் எண்களில் ஒரு +2, ஒரு +1. இதற்கு மட்டும் ஸ்ட்ரெங்த், கான் இரண்டிலும் +2, கூடவே லைட், மீடியம் கவசப் பயிற்சி. தாளில் பார்த்தால் அநியாயம். ஆட்டத்தில் யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. காரணம், ஸ்ட்ரெங்த் தேவைப்படும் கிளாஸ்களுக்குப் பெரும்பாலும் கவசப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. கவசப் பயிற்சி தேவைப்படும் விசார்டுக்கு ஸ்ட்ரெங்த் பயன்படாது. ஒரு கையால் கொடுப்பதை யாருக்குப் பயன்படும் என்பதை வைத்தே இன்னொரு கையால் தடுத்துவிடுகிறார்கள்.

2020இல் ஓர் விருப்ப விதி வந்தது: இனம் தரும் எண்களை எந்த ஆற்றலுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அந்த விதியைப் போட்டதும் இந்தப் பூட்டு திறந்துகொண்டது. இன்டெலிஜன்ஸிலும் கானிலும் +2 வைத்து, ஹாஃப் பிளேட் போட்டுக்கொண்டு ஒரு விசார்ட் வந்து நின்றார். எண் ஒன்றுகூட மாறவில்லை, எண் போகும் இடம் மாறியது, அவ்வளவுதான். 2024இல் ஆற்றல் எண்களை இனத்திலிருந்து எடுத்து பேக்கிரவுண்டில் (பாத்திரத்தின் முன்கதை) வைத்துவிட்டார்கள்; ட்வார்ஃபின் கவசப் பயிற்சியும் போய்விட்டது.

உங்கள் இனத்துக்கும் இதைச் செய்து பாருங்கள். அடிப்படை நூலில் உள்ள 12 கிளாஸ்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த இனத்தின் திறன்களில் எது உண்மையில் பயன்படும் என்று குறியுங்கள். ஒரு கிளாஸுக்கு எல்லாமே பயன்பட்டு மற்றவற்றுக்கு ஒன்றிரண்டு மட்டும் பயன்பட்டால் நீங்கள் எழுதியது இனம் இல்லை, அந்த கிளாஸுக்கான இலவச இணைப்பு. பயன்படும் திறன்களில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த கிளாஸிடம் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒன்றை அங்கே வையுங்கள். ரோக் எல்லோரும் மொய்க்கிறார்களா? ஸ்டெல்த் (பதுங்கல்) பயிற்சி கொடுங்கள். ரோகுக்கு அது லாபமே இல்லை, பலடினுக்குப் பெரிய லாபம்.

அறிகுறி: பலவீனம் எழுதியிருக்கிறது, ஆனால் வேலை செய்வதில்லை

பெரிய திறன் ஒன்றை வைத்துவிட்டு, அதை ஈடுகட்ட ஒரு குறையைச் சேர்ப்பது எல்லோரும் செய்வது. பலன் தராத வேலை. குறையை ஆட்டக்காரர் தவிர்த்துவிடுவார், அல்லது டிஎம் மறந்துவிடுவார். வெயிலில் கண் கூசும் என்ற குறை, நிலவறைக்குள்ளேயே நடக்கும் கேம்பெய்னில் ஒரு நாளும் வராது. திறந்தவெளிக் கேம்பெய்னிலோ ஒவ்வொரு சண்டையிலும் வந்து ஆளையே வெறுப்பேற்றும். ஸ்ட்ரெங்த் -2 என்றால் விசார்டுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கோபோல்டுக்கு 2016இல் இப்படித்தான் எழுதினார்கள்: பக்கத்தில் கூட்டாளி இருந்தால் தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது), பதிலுக்கு வெயில் கூச்சமும் ஸ்ட்ரெங்த் -2ம். அந்த -2ஐ 2020இல் நீக்கினார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்வான்டேஜும் வெயில் கூச்சமும் சேர்ந்தே காணாமல் போயின. ஒரு கத்தலால் சுற்றியுள்ள எதிரிகள் மேல் கூட்டாளிகளுக்கு அட்வான்டேஜ் வாங்கித்தரும் திறன், எண்ணிக்கையோடு, அந்த இடத்துக்கு வந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள்: குறையை அடியுங்கள், அது தாங்கிப் பிடித்திருந்த பெரிய திறனைச் சிறிதாக்குங்கள். குறை கதைக்கு வேண்டும் என்றால் எண் இல்லாமல் இருக்கட்டும்.

அறிகுறி: சண்டை சரியாக இருக்கிறது, மர்மம்தான் செத்துவிட்டது

இதைப் பலரும் சமநிலைக் கோளாறு என்றே கண்டுகொள்வதில்லை. "பொய் சொன்னால் தெரிந்துவிடும்", "எல்லா மொழியும் புரியும்", "சுவருக்குப் பின்னால் தெரியும்", "பதுங்கித் தாக்க முடியாது". ஒரு புள்ளி சேதம்கூட இதில் இல்லை. ஆனால் டிஎம் ஒரு மாதம் கட்டிய துரோகி முதல் உரையாடலிலேயே மாட்டிக்கொள்வார். ஒரு படி மேலே போனால், இன்சைட்டில் (ஆளைப் படிக்கும் திறமை) பயிற்சி எடுத்த ஆட்டக்காரர் அன்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இங்கே தேட வேண்டியது "எப்போதும்", "எல்லா", "ஒருபோதும்" என்ற சொற்களை. கண்ட இடத்தில் அட்வான்டேஜாக மாற்றுங்கள். 11 தேவைப்படும் உருட்டலில் அட்வான்டேஜ் 50 சதவீத வாய்ப்பை 75 ஆக்குகிறது. 17 தேவைப்படும் இடத்தில் 20ஐ 36 ஆக்குகிறது. தாராளமான உதவிதான், ஆனால் தோல்விக்கும் இடம் இருக்கிறது, பகடைக்கும் வேலை இருக்கிறது. விஷத்துக்கு முழு விலக்கு இருந்த யுவான்-டிக்கு 2022இல் அதை ரெசிஸ்டன்ஸாகவும், விஷ நிலைக்கு எதிரான அட்வான்டேஜாகவும் இறக்கியதும் இதே வகைத் திருத்தம்.

டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2014 அடிப்படை நூலின் 9 இனங்களில் மனிதன், ஹாஃப்லிங், டிராகன்பார்ன் தவிர எல்லோருக்கும் இருக்கிறது. கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. கொடுக்காமல் விட்டால்தான் உங்கள் இனம் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும்.

அறிகுறி: இவருடைய டர்ன் வந்தால் மற்றவர்கள் போனை எடுக்கிறார்கள்

திறன்களின் எண்ணிக்கை அதிகம், அல்லது ஒவ்வோர் அடிக்கும் ஏதாவது ஒன்று கிளம்புகிறது. டர்னுக்கு வெளியே கிளம்பும் திறன் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மீதியைக் குறையுங்கள்.

அறிகுறி: ஆட்டக்காரரே தன் இனத்தின் திறனை மறந்துவிட்டார்

எல்லோரும் பலத்தைக் கண்டுதான் பயப்படுகிறார்கள், உப்புச்சப்பில்லாத இனமும் கோளாறுதான். 2014 டிராகன்பார்னின் மூச்சுத் தாக்குதலைப் பாருங்கள். 1ஆம் லெவலில் 2டி6, சராசரி 7. ஒரு முழு ஆக்ஷன் செலவு. தொடக்கத்தில் ஜோர். 5ஆம் லெவலிலும் அதே 2டி6தான், 6இல்தான் 3டி6 ஆகிறது. ஆனால் 5ஆம் லெவல் ஃபைட்டர் அந்த ஆக்ஷனில் கிரேட்ஸ்வார்டை இரண்டு முறை வீசலாம். ஸ்ட்ரெங்த் 18 என்றால் ஒவ்வோர் அடியும் சராசரி 11. இரண்டும் பட்டால் 22. எதிரிகள் கும்பலாக நின்றால் ஒழிய நெருப்பு கக்குவது முட்டாள்தனமாகிவிடுகிறது. டிராகன் வம்சத்தில் வந்தவருக்கு இது ஒரு கேவலம்.

2021இல் வந்த மாற்று வடிவம் 1ஆம் லெவலில் எண்ணைக் கொஞ்சம் குறைக்கவே செய்தது: 1டி10, சராசரி 5.5. முக்கியமான மாற்றம் அது இல்லை. மூச்சு இனி முழு ஆக்ஷனை விழுங்காது, தாக்குதல்களில் ஒன்றுக்குப் பதிலாக வரும், லாங் ரெஸ்டுக்கு புரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு வளரும் பயிற்சி எண்) அளவு தடவை. 2024 விதிகளும் இதே வழியில்தான் போயின. எனவே மறக்கப்பட்ட திறனைக் கண்டால் சேதத்தைக் கூட்ட அவசரப்படாதீர்கள். முதலில் அது எந்த ஆக்ஷனைத் தின்கிறது என்று பாருங்கள், அப்புறம் எத்தனை தடவை என்று பாருங்கள். புரொஃபிஷியன்ஸி போனஸோடு கட்டினால் 1ஆம் லெவலில் 2 தடவை, 5இல் 3, 17இல் 6 என்று தானாகவே வளரும்.

அறிகுறி: பெரிய உடல் கேட்கிறார்

லார்ஜ் அளவு கொடுக்காதீர்கள். குறுகிய வழி, கிராப்பிள் (எதிரியைப் பிடித்து வைத்தல்), ஆயுத அளவு என்று ஒவ்வொரு செஷனிலும் விதிச் சண்டை வரும். சுமை தூக்கும்போது மட்டும் ஓர் அளவு பெரியவராகக் கணக்கிடலாம் என்ற பவர்ஃபுல் பில்ட் போதும்.

திருத்தியதை எப்படி இறக்குவது

திருத்திய வடிவத்தை ஒரே சண்டை வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. நாளுக்கு ஒரு முறை வரும் திறன் எல்லாம் அங்கே பூதமாகத் தெரியும். ரெஸ்ட் இல்லாமல் மூன்று மோதல்கள், நடுவில் ஒரு பேச்சுவார்த்தை, ஒரு பள்ளம். 1, 5, 11 என மூன்று லெவல்களில் ஓட்டுங்கள். 5இல் இரண்டாம் தாக்குதலும் மூன்றாம் படி மந்திரமும் வருகின்றன, 11இல் மறுபடி ஒரு தாவல். இனத்தின் கோளாறு பொதுவாக இந்த இரண்டு வாசல்களில்தான் பல்லைக் காட்டும்.

கேம்பெய்ன் நடுவில் மாற்றுவதாக இருந்தால் ஆட்டக்காரரிடம் தனியாகப் பேசுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம். எடுப்பதை மட்டும் சொல்லாமல், பதிலுக்கு வருவதையும் எழுதிக்கொண்டு போங்கள். லெவல் ஏறும் நாளில் மாற்றினால் உறுத்தல் குறைவு. எல்லோருடைய தாளும் அன்று மாறத்தான் போகிறது.

அவர் மாட்டேன் என்று நின்றால், அதுவும் நியாயமாக இருந்தால், இன்னொரு கதவு இருக்கிறது. அந்த இனத்தைத் தொடாமல் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) இலவசமாகக் கொடுத்துவிட்டு, எதிரிகளின் எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிடுங்கள். பறக்கும் இனத்துக்கும் தானாக ஆறும் இனத்துக்கும் இது எடுபடாது. மற்ற பல கோளாறுகளுக்கு இதுவே போதும்.